ஹெட்ஃபோனில் இனிக்கிறது, கேபினட்டில் கடிக்கிறது: டிஜிட்டல் கிட்டார் ஆம்புக்குப் பிழை பார்க்கும் வழி

"கேபினட் சரியில்லை, வேறு வாங்கப் போகிறேன்." டிஜிட்டல் கிட்டார் ஆம்ப் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் அதிகம் கேட்டது இதைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், பத்தில் எட்டு முறை கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, நன்றாகவே இருக்கும். கோளாறு ஒரு மெனுவிலோ, ஒரு சுவிட்சிலோ, கேபினட்டை வைத்த இடத்திலோ இருக்கும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். உங்கள் கருவி, அதாவது அந்த டிஜிட்டல் ஆம்ப், ஹெலிக்ஸாக இருக்கலாம், கெம்பராக இருக்கலாம், ஃப்ராக்டலாக இருக்கலாம். மெனுவின் பெயர் மாறும், பார்க்க வேண்டிய இடம் மாறாது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மையைத் தானாகவே குறைத்துவிடும். டிஜிட்டல் ஆம்போடு நாம் வைக்கும் ஃபுல் ரேஞ்ச் கேபினட் எதையும் குறைக்காது, வந்ததை அப்படியே வெளியே விடும். அதனால் கருவிக்குள் இருக்கும் குறை எல்லாம் இதில்தான் பளிச்சென்று தெரியும்.

## முதலில் ஒரு சோதனை

உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டைக் கேபினட்டில் ஓட விடுங்கள். கிட்டார் வேண்டாம், கருவியும் வேண்டாம், ஃபோனும் கேபிளும் போதும்.

பாட்டு நன்றாகக் கேட்டால் கேபினட்டில் குறையில்லை. கோளாறு பேட்சிலோ (கருவியில் நீங்கள் சேமித்து வைத்த ஒலி அமைப்பு), கருவியின் அவுட்புட்டிலோ, இடையில் உள்ள கேபிளிலோ இருக்கிறது. பாட்டே மோசமாகக் கேட்டால் கேபினட்டையும், அதன் பின்பக்கத்து சுவிட்சுகளையும், வைத்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஃபோனின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஸ்டீரியோ கேபிளை நேராகக் கேபினட்டின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால், பாடகர் குரல் காணாமல் போய், எதிரொலி மட்டும் மிதப்பது போல் கேட்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலியை அந்த இன்புட் ஒன்றையொன்று கழித்துவிடுவதுதான் காரணம். இதைக் கேட்டு "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ பின்னும், மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக்கும் உள்ள கேபிளை எடுத்து, அதில் ஒரு ஜாக்கை மட்டும் செருகுங்கள்.

## கோளாறு 1: கூர்மையாகக் கடிக்கிறது, தேனீக்கூடு போல் இரைகிறது

அதிகம் வரும் புகார் இது. கெய்ன் (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) ஏற்றிய பேட்சுகளில் நிச்சயம் வரும்.

கேபினட் சிமுலேஷன், அதாவது கிட்டார் கேபினட் போல ஒலிக்கச் செய்யும் பகுதி, அணைந்திருக்கிறதா? முதலில் இதைப் பாருங்கள். பேட்சில் கேப் பிளாக்கோ ஐஆரோ (நிஜ கேபினட்டை மைக் வைத்துப் பதிவு செய்த ஒலிச்சாயல்) அணைந்திருந்தால், ஆம்பின் வடிகட்டாத ஒலி நேராக ட்வீட்டருக்கு (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போகும். அந்தச் சத்தம் தகரத்தில் ஆணி கீறுவது போல இருக்கும், ஒரு முறை கேட்டால் மறக்காது. பேட்சில் கேப் எரிந்துகொண்டிருந்தாலும் அவுட்புட் மெனுவைத் திறந்து பாருங்கள். சில கருவிகளில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனித்தனியாகக் கேபை அணைக்கலாம். கெம்பரில் மானிட்டர் அவுட்டுக்கு மட்டும் கேபை நிறுத்தும் 'மானிட்டர் கேப் ஆஃப்' இருக்கிறது. கிட்டார் கேபினட்டோடு வாசித்தபோது போட்டுவிட்டு, ஃபுல் ரேஞ்சுக்கு மாறிய பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள்.

பேட்சை எந்தச் சத்தத்தில் செய்தீர்கள்? இரவில், ஹெட்ஃபோனில், மெதுவாக வைத்துச் செய்த பேட்ச் மேடையில் கட்டாயம் கடிக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் (அடி ஒலி) ட்ரெபிளையும் (கூர்மையான மேல் ஒலி) குறைத்தே கேட்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது. அந்தக் குறையை நாம் நம்மையறியாமல் ஈக்யூவில் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் இடம்) ஏற்றி ஈடுகட்டிவிடுகிறோம். சத்தம் கூடியதும் காது இரண்டையும் முழுதாகக் கேட்க ஆரம்பிக்கிறது, ஏற்றி வைத்ததெல்லாம் மிகையாகிவிடுகிறது. இதற்கு மாற்று வழி இல்லை: எந்தச் சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அந்தச் சத்தத்தில் வைத்துத்தான் பேட்சைத் திருத்த வேண்டும். கேப் பிளாக்கில் மேல் ஒலியை வெட்டும் 'ஹை கட்' அளவை 8 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து மெதுவாகக் கீழே கொண்டு வாருங்கள். பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் நடுவில் ஓர் இடத்தில் இரைச்சல் அடங்கி, கிட்டார் உயிரோடு இருக்கும். 5-க்குக் கீழே போக வேண்டியிருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கேபினட்டின் பின்பக்க சுவிட்ச். பொதுப் பயன்பாட்டு ஆக்டிவ் (உள்ளேயே ஆம்ப் உள்ள) ஸ்பீக்கர்களில் பாட்டுக்கு, பேச்சுக்கு, டிஜேக்கு என்று தனித்தனி ஒலி அமைப்புகள் இருக்கும். பாட்டுக்கான அமைப்பு மேலும் கீழும் ஏற்றிவிட்டு நடுவைக் குழியாக்கிவிடும். கிட்டாருக்கு அது ஆகாது. 'ஃப்ளாட்' என்று ஒன்று இருந்தால் அதில் வையுங்கள்.

ஐஆரின் மைக். ஸ்பீக்கரின் நட்டநடுவில் டைனமிக் மைக் வைத்து எடுத்த ஐஆர் மிகவும் பளிச்சென்று இருக்கும். கோனின் (ஸ்பீக்கரின் கூம்பு) விளிம்புப் பக்கம் மைக்கை நகர்த்தி எடுத்ததையோ, ரிப்பன் மைக்கில் எடுத்ததையோ போட்டுப் பாருங்கள். ஈக்யூவில் அரை மணி நேரம் போராடுவதைவிட ஐஆரை மாற்றுவது பல நேரம் வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

காது எங்கே இருக்கிறது? ஹார்ன் (ட்வீட்டரின் வாய்) தனியாக மேலேயும் வூஃபர் (அடி ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கீழேயும் இருக்கும் கேபினட் முன்னால் முழங்காலிட்டு, வேறொருவரை வாசிக்கச் சொல்லி, உங்கள் தலையை மெதுவாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். ஒரு முழம் நகர்ந்தால் ஒலி மாறிக்கொண்டே போகிறது என்றால் பேட்சில் தவறில்லை, நிற்கும் இடத்தில்தான் தவறு. கேபினட்டின் கோணத்தை மாற்றுங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சின்ன மேடையில் எப்போதும் பக்கத்திலேயே நிற்க வேண்டியவர் என்றால், வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் பொருத்திய கோஆக்சியல் கேபினட் உங்களுக்கு ஏற்றது. நான் காசு கொடுத்து மாற்றச் சொல்லும் சில இடங்களில் இது ஒன்று.

## கோளாறு 2: போர்வை போர்த்தியது போல் மந்தமாக இருக்கிறது

கடிப்பதற்கு நேர் எதிரான புகார். காரணம் பெரும்பாலும் அதே மெனுவில்தான் இருக்கும்.

இரண்டு கேபினட் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயிருக்கலாம். கருவியில் ஐஆர் எரிகிறது, ஒலி போய்ச் சேர்வதோ கிட்டார் ஸ்பீக்கர். அல்லது கேபினட்டே கிட்டார் ஸ்பீக்கர் போல நடிக்கும் வகையாக இருந்து, அந்த மோடும் எரிகிறது. லைன் 6 பவர்கேப், கெம்பர் கோன் இரண்டிலும் இப்படி வாய்ப்பு உண்டு. ஒன்றை அணையுங்கள், போர்வை விலகிவிடும்.

அதிலும் தெளியவில்லையென்றால் கேபினட்டைத் தூக்கி ஒரு நாற்காலி உயரத்தில் வைத்துப் பாருங்கள். தரையோடு ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், சுவரோரம் தள்ளினால் இன்னும் கூடும், மூலையில் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஒத்திகை அறையில் ஒழுங்காக இருந்த பேட்ச் மேடையில் கொழகொழவென்று ஆவதற்குப் பாதி காரணம், கேபினட் ஒரு மூலையில் போய் உட்கார்ந்திருப்பதுதான்.

அப்புறம் லோ கட், அதாவது அடி ஒலியை வெட்டுவது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதற்குக் கீழே கிட்டாருக்கு வேலையே இல்லை. 80-இல் வெட்டுங்கள், பேண்டில் பேஸ் கிட்டார் இருந்தால் 100 வரை தைரியமாகப் போகலாம். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும், எல்லோரோடும் சேரும்போது சரியாக உட்காரும்.

இவ்வளவுக்குப் பிறகும் மந்தம், பாட்டுச் சோதனையிலும் சிம்பல் சத்தம் கேட்கவில்லை என்றால், ட்வீட்டர் போயிருக்கலாம். கோளாறு 6-க்குப் போங்கள்.

## கோளாறு 3: பேண்டோடு வாசித்தால் காணாமல் போகிறேன்

இங்கேதான் ஆட்கள் அவசரப்பட்டுப் பெரிய கேபினட் வாங்குகிறார்கள். பொறுங்கள்.

முதல் கேள்வி: உங்கள் பேட்சில் மிட் (நடு ஒலி) இருக்கிறதா? தனியறையில் பிரமாதமாகத் தெரியும் ஒலியில் பெரும்பாலும் மிட் குறைவாகவும் பேஸும் ட்ரெபிளும் அதிகமாகவும் இருக்கும். பேண்டில் அந்தப் பேஸை பேஸ் கிட்டார் மூடிவிடும், ட்ரெபிளைச் சிம்பல் மூடிவிடும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. 500 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றிவிட்டு, கெய்னைக் கால்வாசி குறையுங்கள். வால்யூமைத் தொடாமலே வெளியே வருவீர்கள்.

இரண்டாவது, லெவல். கருவியின் எக்ஸ்எல்ஆர் அவுட் (மூன்று பின் உள்ள வட்ட ஜாக்) மிக மெல்லிய மைக் லெவலில் இருந்து, கேபினட் அதைவிட பலமான லைன் லெவலை எதிர்பார்த்தால், நாப் முழுக்கத் திருப்பினாலும் கிசுகிசுதான் வரும். ஹெலிக்ஸில் இது குளோபல் செட்டிங்ஸில் இருக்கிறது: எக்ஸ்எல்ஆருக்கு மைக் அல்லது லைன், கால் இன்ச் ஜாக்குக்கு இன்ஸ்ட்ருமென்ட் அல்லது லைன். லைனுக்கு மாற்றும் முன் கேபினட்டின் வால்யூமைக் குறைத்துவிடுங்கள், ஒரேயடியாகப் பாயும்.

மூன்றாவது, ஸ்டீரியோ பேட்ச். இரண்டு ஆம்பை இடமும் வலமும் பிரித்து வைத்த பேட்சை ஒரே கேபினட்டில் வாசித்தால் பாதி ஒலி வெளியே வராமலே போகலாம். சில கருவிகளில் இடது ஜாக்கை மட்டும் செருகினால் இரண்டும் தானாகச் சேரும், எக்ஸ்எல்ஆரில் சேராமல் போகலாம். சேர்ந்தாலும் சிக்கல் உண்டு: அகலமான கோரஸ், சில மில்லிசெகண்ட் தள்ளிப்போட்ட டிலே, பொருந்தாத இரண்டு ஐஆர் எல்லாம் மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே கேபினட் என்றால் பேட்சையும் மோனோவில்தான் செய்ய வேண்டும்.

நான்காவது, உயரம். கேபினட் உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்வரிசைக்குக் காது கிழியும், உங்களுக்குக் கேட்காது. சாய்த்து வைத்துக் காதைப் பார்க்கச் செய்யுங்கள், அல்லது ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

இந்த நான்கும் சரி, இன்னும் போதவில்லை என்றால் கேபினட் உண்மையிலேயே சின்னது. அப்போதும் வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பீக் வாட், தொடர்ந்து தரக்கூடியது அதில் பாதியோ அதற்கும் கீழோ. வாட் இரண்டு மடங்கானால் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு அது லேசான வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்கள். ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 100 வாட்டில் 117 தரும். 91 டெசிபல் ஸ்பீக்கர் அதே 117-ஐ எட்ட 400 வாட் கேட்கும். டிரம்ஸோடு, மைக் வைக்காமல் வாசிப்பவருக்கு 12 இன்ச்தான் என் சிபாரிசு. 8 இன்ச் வீட்டுக்கும், மேடையில் உங்களுக்கு மட்டும் கேட்பதற்கும் போதும். தடிமனான க்ளீன் (கரகரப்பு இல்லாத) ஒலி வாசிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் தெம்பு வேண்டும், ஏனென்றால் க்ளீனில்தான் மீட்டும் கணத்தின் உச்சம் அதிகம்.

## கோளாறு 4: சத்தம் ஏற்றினால் கரகரக்கிறது

சிவப்பு விளக்கு எங்கே எரிகிறது என்று பாருங்கள். கருவியின் அவுட்புட்டில் எரிந்தால் பேட்சின் லெவலைக் குறையுங்கள், டிஜிட்டலில் அந்தக் கோட்டைத் தாண்டினால் நசுங்குவது அருவருப்பாகத்தான் இருக்கும். கருவியில் பச்சை, கேபினட்டில் சிவப்பு என்றால் கேபினட் இன்புட்டின் கெய்னைக் குறைத்து, மைக் சுவிட்ச் லைனுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் சிவப்பு இல்லை, அப்படியும் கரகரக்கிறது என்றால் கேபிளை மாற்றுங்கள். பாதிக் கதை அங்கேயே முடியும்.

குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் கரகரத்தால் அது மின்சாரக் கோளாறு இல்லை, எதோ தளர்ந்து ஆடுகிறது. நண்பர் ஒருவரின் கேபினட்டில் ஐந்தாம் கம்பியைச் சும்மா மீட்டினால், அந்த 110 ஹெர்ட்ஸில் மட்டும், 'ஸ்ர்ர்' என்று ஒரு ஒலி. கோன் கிழிந்துவிட்டது என்றே நம்பிவிட்டார். முன்பக்கக் கம்பிவலையைக் கழற்றினோம், நிற்கவில்லை. அவரை அந்தச் சுரத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தேன். பக்கவாட்டுக் கைப்பிடியில் கை பட்டதும் சத்தம் நின்றது. இரண்டு திருகாணி, அரைச் சுற்று. கைப்பிடி, ஜாக் தகடு, வலை, ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், இதுதான் தேட வேண்டிய வரிசை. போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வெறியோடு இறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் கோணிவிடும்.

எதுவும் தளரவில்லை என்றால், கேபினட்டை அணைத்துவிட்டு, வூஃபர் கோனை இரண்டு பக்கமும் விரல்களை விரித்து வைத்து, நேராக, மிக மெதுவாக ஒரு சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள். மெத்தென்று போய் வந்தால் நல்லது. மணலில் தேய்ப்பது போல் உரசினால் வாய்ஸ் காயில் போய்விட்டது. இதோடு வீட்டு வைத்தியம் முடிந்தது. ஸ்பீக்கர் ரீகோன் செய்பவரிடம், அதாவது கோனையும் காயிலையும் மாற்றித் தருபவரிடம், போங்கள்.

## கோளாறு 5: 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, அல்லது 'ஸ்ஸ்' என்று இரைகிறது

கிட்டார் வால்யூமைப் பூஜ்யம் ஆக்குங்கள். உறுமல் நின்றால் அது பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) வருகிறது. கிட்டாரைப் பிடித்தபடி சுற்றி நின்று பாருங்கள், ஒரு திசையில் குறையும். கேபினட்டுக்கு அதில் பங்கில்லை.

நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகள் ஒரு வளையமாகச் சேர்ந்திருப்பது. கருவியையும் கேபினட்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். எக்ஸ்எல்ஆர் பக்கத்தில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருந்தால் ஒரு முனையில் மட்டும் போடுங்கள். லேப்டாப் யூஎஸ்பியில் இணைந்திருந்தால் பிடுங்கிப் பாருங்கள், பல உறுமல் அங்கிருந்துதான் வரும். எதுவும் பலிக்கவில்லையென்றால் நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வைக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பதும், அதை மறைத்து டேப் ஒட்டுவதும். உறுமல் போகும். ஆனால் உள்ளே ஒரு கம்பி நழுவிப் பெட்டியைத் தொட்டால், மின்சாரம் உங்கள் கிட்டார் கம்பியிலிருந்து விரல் வழியாகத்தான் போகும். இதைச் சொல்லும்போது நான் எப்போதும் குரலை உயர்த்தித்தான் சொல்கிறேன்.

'ஸ்ஸ்' இரைச்சலுக்கு மருந்து எளிது. கருவியின் அவுட்டைக் கூட்டுங்கள், கேபினட்டின் கெய்னைக் குறையுங்கள். பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். வாசிக்காதபோது லேசாகக் கேட்கும் இரைச்சல் ஹார்ன் உள்ள எல்லாக் கேபினட்டிலும் உண்டு, அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

## கோளாறு 6: ஒலியே இல்லை, அல்லது பாதிதான் வருகிறது

ஃபுல் ரேஞ்ச் கேபினட்டில் ஆக்டிவ், பாசிவ் என இரண்டு வகை. பாசிவ் பெட்டிக்குள் ஆம்ப் கிடையாது, கருவிக்கும் அதற்கும் நடுவில் பவர் ஆம்ப் வேண்டும். பின்பக்கத்தில் மின்சார வயர் செருகும் இடமே இல்லையென்றால் அது பாசிவ்தான். பவர் ஆம்பிலிருந்து கேபினட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள் மட்டுமே. கிட்டார் கேபிளும் அதே ஜாக்கில் பொருந்தும், ஆனால் அதன் மெல்லிய கம்பி சூடாகும், ஆம்புக்கும் ஆபத்து. 8 ஓம் கேபினட் இரண்டைப் பேரலலாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். பவர் ஆம்ப் குறைந்தபட்சம் எத்தனை ஓம் தாங்கும் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். எந்த நிலையிலும் பவர் ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை ஆக்டிவ் கேபினட்டின் இன்புட்டில் செருகாதீர்கள், ஒரு நொடியில் இன்புட் பலகை போய்விடும்.

மேல் பாதி மட்டும் வரவில்லை என்றால் ட்வீட்டர் போயிருக்கலாம். பாட்டை மெதுவாக ஓடவிட்டு ஹார்ன் பக்கத்தில் காதை வையுங்கள். சிம்பலின் 'த்ஸ்' கேட்கவில்லையென்றால் அது பேசவில்லை. நீண்ட நேரம் சிவப்பு விளக்கிலேயே ஓட்டினால் முதலில் எரிவது ட்வீட்டரின் காயில்தான். பல கேபினட்டில் டயாஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு ஸ்பீக்கரை மாற்றும் முன் அதைக் கேளுங்கள்.

கருகிய வாடை வந்தாலோ, ஃபியூஸ் மாற்றியதும் மறுபடி போனாலோ, இணைத்ததும் 'டப்' என்று அடித்து வூஃபர் ஒரு பக்கமாக இழுத்து நின்றாலோ, உடனே பிளக்கைப் பிடுங்கி டெக்னீஷியனிடம் கொடுங்கள். ஆக்டிவ் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

## எல்லாம் சரி, ஆனாலும் 'ஆம்ப் முன்னால் நிற்கிற மாதிரி இல்லை'

இது கோளாறே இல்லை. ஐஆர் தருவது மைக் வைத்துப் பதிவு செய்த கேபினட்டின் ஒலி. உங்கள் மனதில் இருப்பது அறையில் நின்று, முதுகில் காற்று படக் கேட்ட ஒலி. இதை ஈக்யூவில் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு, கிடைக்காது. இங்கே கேபினட்டை மாற்றுவதுதான் நேர்மையான பதில்: ஒரு பவர் ஆம்பும் நிஜ கிட்டார் கேபினட்டும், ஐஆரை அணைத்துவிட்டு. இரண்டும் வேண்டும் என்றால் செலஸ்டியனின் எஃப்12-எக்ஸ்200 போன்ற, கிட்டாரை மனதில் வைத்துச் செய்த கோஆக்சியல் ஸ்பீக்கர் போட்ட பெட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், கேபினட் பார்க்கப் போகும்போது உங்கள் கருவியையும், உங்கள் கிட்டாரையும், சோதனைக்கு வைத்த அதே பாட்டையும் எடுத்துப் போங்கள். முதலில் பாட்டு. பிறகு க்ளீன் பேட்ச், மேடைச் சத்தத்தில். வாசித்துக்கொண்டே பக்கவாட்டில் நான்கு அடி நடங்கள். கடைசியாகத் தடித்த கம்பியில் ஒவ்வொரு சுரமாக ஏறி வாருங்கள், எந்தச் சுரமும் தனியாக வீங்கக் கூடாது, எந்த இடத்திலும் பெட்டி ஆடக் கூடாது.